மாமா நீட்டிக் கட்டிய கார்

போன கிழமை எங்கள் வாட்ஸ்அப் குறூப்பில் ஒருவர் ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தார். மஞ்சள் நிறத்தில் கூரையில்லாத ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பின் சீற்றில் பட்டுச்சேலையும் பூவும் நகையுமாக ஒரு சிறுமி. ஸ்டியரிங்கில் பட்டுவேட்டியுடன் வாயெல்லாம் பல்லாக ஒரு மனிதர். "ஸ்காபரோவில் காரில் ஊர்வலமாக வந்து இறங்கிய முதல் சாமத்தியவீடு இதுதான்" என்று கீழே எழுதியிருந்தார். கைதட்டுகிற படங்களும் இதயங்களும் வரிசையாக வந்து விழுந்தன. இப்போது ஹெலிகொப்டரில் இறக்குகிறார்கள், குதிரை வண்டியில் இறக்குகிறார்கள், இதற்கெல்லாம் நாங்கள்தான் முன்னோடி என்று ஒருவர் பெருமைப்பட்டிருந்தார்.

பெரியபிள்ளையானதற்குச் சடங்கு செய்யப் போகிற அந்தச் சிறுமி நான்தான். அது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அந்த ஹோலில் ஓடி விளையாடி, ரோல்ஸ் தின்று, சோடாவைக் கம்பளத்தில் ஊற்றியவர்கள். இப்போது எல்லோரும் முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். படத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. இது என்னுடைய முகம் என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. காரோட்டுகிற அந்த மாமாவும் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். மாமி மட்டும் இருக்கிறார். அவருக்கு இது தெரியாது. பெருமைப்பட்டவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இவ்வளவு காலமும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எனக்கே இப்போது காரணம் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மேலே அப்பா, அம்மா, நான். பேஸ்மென்ற்றில் மாமா. அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. அவருடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அந்த மகள் எனக்கு மச்சாள் முறை. என்னைவிட இரண்டு மாதம் இளையவள். ஊரில் ஒன்றாக விளையாடியதாகச் சொல்வார்கள். எனக்கு அவளுடைய முகம் சரியாக ஞாபகம் இல்லை. ஆனால் மாதம் ஒரு நீலக் கடிதம் எனக்கென்று எழுதுவாள். லொட்ஜில் மின்விசிறி சத்தம் போடுகிறது, பக்கத்து அறைக்காரர் குறட்டை விடுகிறார், அம்மா வெளியே போக விடுகிறார் இல்லை. இப்படித்தான் எழுதுவாள். நானும் பனியைப் பற்றி எழுதுவேன். அவளுக்குப் பனி போதாது. இன்னும் எழுது என்பாள்.

மாமா லோறன்ஸ் வீதியில் அடிபட்ட கார்களின் தகரம் திருத்துகிற ஒரு கடையில் வேலை செய்தார். முதலாளி லெபனான்காரர். யாரோ ஒரு வெள்ளைக்காரர் திருத்தத் தந்துவிட்டுத் திரும்பி வராத ஒரு கார் அந்தக் கடையின் பின்புறத்தில் நாலைந்து வருடமாகக் கிடந்தது. பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீற், உயரம் என்னுடைய இடுப்பளவு. இடம் வேண்டும், கொண்டு போய்த் தொலை என்று முதலாளி ஒருநாள் சொல்லிவிட்டார். மாமா அதை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக் கராஜுக்குள் விட்டார்.

மேலே பார்க்க அந்தக் கார் அவ்வளவு மோசமில்லை. மூக்கு நீண்டு, கதவுகள் சிறுத்து, ஒரு கர்வத்தோடு இருக்கும். கீழேதான் ஒன்றும் இல்லை. சில்லும் என்ஜினும் பூட்டியிருக்கிற இரும்புச் சட்டத்தைச் சேசி என்பார்கள். அதைத் தெருவில் கொட்டுகிற பனிக்கால உப்பு தின்றுவிட்டிருந்தது. மாமா ஸ்குறூ டிறைவரால் குத்திக் காட்டினார், பிஸ்கற் மாதிரி உதிர்ந்தது. எனக்கு அந்தத் துரு மணம் பிடிக்கும். ஈரக் கம்பியும் பழைய எண்ணெயும் சேர்ந்த மணம். இப்போதும் எங்காவது கராஜில் அந்த மணம் வந்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

மாமா அதைப் படம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மச்சாள் எனக்கு எழுதினாள்: "அப்பாவின் கார் வடிவு. ஆனால் இரண்டு சீற்தானே இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இருந்தால் நான் எங்கே இருக்கிறது?"

நான் அதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் காரின் கதவுக்குப் பின்னால் சாண் போட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஓம், அது சரிதானே."

பழைய சேசியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்வது என்று ஏற்கெனவே முடிவு. இப்போது அதை ஒன்பது அங்குலம் நீளமாகச் செய்வது என்று ஆகிவிட்டது. மிசிசாகாவில் இரும்பு வேலை செய்கிற ஒருவரிடம் அளவு கொடுத்தார். சேசி நீண்டால் மேலுடம்பும் நீள வேண்டுமே. ஆகவே நல்ல நிலையில் இருந்த உடம்பைக் கதவுகளுக்குப் பின்னால் குறுக்காக வெட்டி, நடுவே தகரம் வைத்து ஒட்டி, அங்கே ஒரு மூன்றாவது சீற் வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு இது விசராகப் பட்டது.

"மச்சான், உதுக்குப் பேசாமல் ஒரு வான் வாங்கலாமே?"

"வான் எல்லாரும் வச்சிருக்கினம் அத்தான்."

"மூண்டு பேர் போறதுக்கு ஒரு நல்ல காரை ஆரும் வெட்டுவினமே?"

"அவள் கேட்டிட்டாள். நான் இனி என்ன செய்யிறது?"

அளவு எடுத்தது என்னில். அவளும் என்னுடைய உயரம்தான் என்று மாமி எழுதியிருந்தார். கராஜில் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என்னை இருத்தி, முழங்காலுக்கும் முதுகுக்கும் இடையில் எவ்வளவு, நாரியிலிருந்து தலைக்கு எவ்வளவு என்று மாமா அளவு ரேப் பிடித்துச் சுவரில் சோக்கால் எழுதினார். ஆடாதே, ஆடாதே என்று சொல்வார். எனக்குக் கூச்சமாக இருக்கும், சிரிப்பேன். அந்த வருடம் பங்குனியில் நான் பெரியபிள்ளையாகியிருந்தேன். அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டார், ஆண்கள் வந்தால் அம்மா என்னை உள்ளே போகச் சொல்வார். மாமா மட்டும் பழையபடியே என்னை ஒரு பலகையைப் போல நிமிர்த்தியும் சரித்தும் அளந்தார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

சாமத்தியவீடு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் வைத்தாகிவிட்டது. லண்டன், பாரிஸ், ஜெர்மனி என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் லீவு போட்டு வரப்போகிறார்கள். தாய்மாமன்தான் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும். ஒரேயொரு தாய்மாமன். அதற்குள் காரை முடித்து, தானே என்னை ஏற்றிக்கொண்டு ஹோலுக்குப் போவது என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். முதலில் நீ இருந்து பார், பிறகு அவள் வந்து இருக்கட்டும் என்றார்.

ரெலிபோன் கோல் வந்தது ஆடி மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை. பெரியவர்கள் மூன்று பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். நான் ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது? அக்காவோ?"

"இல்லை, மகள்."

"பெரியாக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை. வேலைக்குப் போட்டினம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அந்த ஆள் வேகமாகப் பேசினார். மாமி இருந்த லொட்ஜில் பக்கத்து அறையில் இருந்தவராம். நாளைக்குத் தனக்கு ஜெர்மனிக்குப் பயணமாம், இனித் தன்னால் எடுக்க முடியாதாம்.

"பிள்ளை, வடிவாய்க் கேள். மாமாட்டைச் சொல்லு, அவற்றை மகள் மோசம் போயிட்டாள். மூளைக்காய்ச்சல். மூண்டு நாள்தான் ஆஸ்பத்திரியிலை வச்சிருந்தது. நேற்றுச் செத்தவீடும் முடிஞ்சுது. மாமி இப்ப வேறை இடத்திலை, அவவிட்டை வெளிநாட்டுக்கு எடுக்கக் காசில்லை. கடை நம்பர் ஒண்டு சொல்லுறன், எழுதுறியே?"

"ஓம்."

"சனிக்கிழமை, உங்கட காலமை எட்டரைக்கு மாமி இந்த நம்பரிலை நிப்பா. ஒவ்வொரு சனியும் நிப்பா. மாமாவை எடுக்கச் சொல்லு. மறந்திடாதை பிள்ளை."

நான் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்மட்டையில் நம்பரை எழுதினேன். அவர் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். எல்லாம் சரி என்றார். வைத்துவிட்டார். ரீவியில் அதே நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. நான் அதை முடியுமட்டும் பார்த்தேன். என்னை இப்போது ஏசாதீர்கள். பன்னிரண்டு வயதில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்பா முதலில் வந்தார். சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். பிறகு அம்மா வந்தார். அப்பா அவரை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அம்மா ஒருமுறைதான் கத்தினார், அதுவும் தலையணையில். மாமா வருவதற்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன நடந்தது என்பதை நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அப்பா யாரோ ஓர் ஐயருக்குப் போன் எடுத்து, எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆளுக்காகக் கேட்கிறேன் என்று துடக்குக் கணக்குக் கேட்டார். உங்களுக்குத் தெரியும்தானே, சாவு விழுந்த வீட்டுக்காரர் நல்ல காரியத்தில் கை வைக்கக்கூடாது. எங்களுக்கு மூன்று நாள். மாமாவுக்கு முப்பத்தொரு நாள். சாமத்தியவீட்டுக்கு மூன்றரைக் கிழமைதான் இருந்தது. ஆனால் தூரதேசத்தில் இருக்கிறவருக்குச் செய்தி கேட்ட நாளில் இருந்துதான் துடக்குத் தொடங்கும். ஐயர் அப்படித்தான் சொன்னாராம். கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார், அவரில் பிழையில்லை.

"கேள்விப்பட்டால்தானே துடக்கு," என்று அப்பா சொன்னார். "அவனுக்குத் தெரியாட்டில் அவனுக்குத் துடக்கு இல்லை."

"என்ரை தம்பியப்பா அவன். சாமத்தியவீட்டைப் பிறகு வைப்பம்."

"சனம் எல்லாம் ரிக்கற் போட்டிட்டுது. செத்தது செத்துப்போச்சு. மூண்டு கிழமை பிந்திச் சொன்னால் என்ன குறைஞ்சிடும்? அந்த மூண்டு கிழமையாவது அவன் சந்தோசமாய் இருக்கட்டும்."

அம்மா எழும்பிப் போய் அரிசி கழுவினார். அப்பா வெளியே வந்து என்னுடைய கொப்பியை வாங்கி, பின்மட்டையைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நீ ஒரு கோலும் கேக்கேல்லை. விளங்குதோ?"

"ஓம்."

அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் இப்போது சொல்வது அவர் செத்துப்போனதால் அல்ல. அந்தக் கடைசி வசனத்தை, சந்தோஷமாக இருக்கட்டும் என்றதை, அவர் உண்மையாகவே நினைத்தார். தான் மச்சானுக்கு மூன்று கிழமை கொடுத்ததாக நினைத்தார். மாமியைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. அம்மா யோசித்திருப்பார். அதனால்தான் அந்த மூன்று கிழமையும் அம்மா மாமாவுக்குச் சாப்பாடு போடும்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சனிக்கிழமை. அடுப்பில் ஒரு மணிக்கூடு இருந்தது, பச்சை எழுத்து. எட்டரைக்கு நான் அதற்கு முன்னால் நின்றேன். போனை அப்பா தன்னுடைய அறைக்குள் கொண்டு போயிருந்தார். கராஜில் மாமா இரும்பு அராவுகிற சத்தம் கேட்டது. எட்டு முப்பத்தைந்து. எட்டு நாற்பது. உலகத்தின் அந்தப் பக்கத்தில் மாமி ஒரு கடையில் மற்றவர்களுடைய போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது மணிக்கு அம்மா தேநீர் ஊற்றி, மாமாவிடம் கொடுத்துவிட்டு வா என்றார். கொண்டு போனேன்.

மாமா உடம்பை வெட்டியிருந்தார். வெட்டுவதற்கு முன் கதவு வருகிற இடத்தில் குறுக்குக் கம்பி வைத்து ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தூக்கும்போது கார் நடுவில் மடிந்துவிடும். அப்படி ஒட்டிய கம்பிகளுக்கு நடுவே கார் இரண்டு துண்டாக, ஒன்பது அங்குல இடைவெளியோடு நின்றது. அந்த இடைவெளிக்குள் அவர் தலையை விட்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, அவள் உனக்கு எழுதுறவள்தானே. எந்தக் கலர் பிடிக்கும் எண்டு எழுதினவளே?"

அவள் ஒருநாளும் நிறத்தைப் பற்றி எழுதியதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மஞ்சள்," என்றேன்.

மஞ்சள் எனக்குப் பிடித்த நிறம். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அந்தக் காரில் நான் போகப்போகிறேன், எனக்கு மஞ்சள் வேண்டும். அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"மஞ்சளோ! நான் சிவப்பெண்டெல்லோ நினைச்சன்," என்று மாமா சிரித்தார். கையிலிருந்த கறுப்பைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டார்.

மிசிசாகாவிலிருந்து சேசி வந்தது. கறுப்புப் பெயின்ற் அடித்து, ஏணியைப் படுக்கப் போட்டது மாதிரி. பழைய காரின் என்ஜினையும் சில்லுகளையும் திருத்தி அதில் பூட்டினார். இரண்டாவது ஞாயிறு, ஒட்டி நீட்டிய உடம்பை அதன் மேல் தூக்கி வைக்கிற நாள். அதற்கென்று மெசின் இருக்கிறது, மாமாவின் கடையிலும் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். உங்களில் சிலருடைய அப்பாமார். சிலர் சாரத்தோடு வந்தார்கள். ஒருவர், என்ஜினே இல்லாத தகரம்தானே என்று ஒற்றைக் கையால் பிடித்து, பிறகு முதுகு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மாமா சத்தம் போட்டார். மெதுவாய், மெதுவாய், இடப்பக்கம் பதியுது, பிடியுங்கோ அண்ணை. கார் ஆட்டுக்கல்லை விடப் பாரம் இல்லை என்று சொன்னவர்தான் முதலில் கையை விட்டார். எப்படியோ வைத்துவிட்டார்கள். கை தட்டினார்கள். அம்மா பாணும் ஆட்டிறைச்சிக் கறியும் கொடுத்தார். எல்லோரும் புல்லில் இருந்து சாப்பிட்டார்கள், மகள் எப்போது வருகிறாள் என்று மாமாவைக் கேட்டார்கள். கிறிஸ்மஸுக்குள் வந்திடுவினம் என்றார் மாமா. அப்பா எல்லோருக்கும் கறி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு நடந்தார்.

கம்பிகளை வெட்டி எடுத்த பிறகு கதவு சரியாகப் பூட்டவில்லை. உடம்புக்கும் சேசிக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் வைத்து உயரம் சரிப்படுத்த வேண்டும். இந்தப் பக்கம் ஒரு தகடு வைத்தால் வலக்கதவு சரியாகும், இடக்கதவு உரசும். அதை எடுத்து முன்னுக்கு வைத்தால் இரண்டும் உரசும். வேலையால் வந்து சாப்பிடாமல்கூட ஒரு கிழமை அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஒரு பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, பூட்டிப் பார் என்றார். ஒரு விரலால் தள்ளினேன். சின்னதாக ஒரு சத்தம், பூட்டிக்கொண்டது. மாமா அழுதுவிடுவார் போல இருந்தது. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை அவர் கடைக்கு எடுத்துப் போய் மஞ்சள் அடித்தார். நாலாவது சனிக்கிழமை, சாமத்தியவீட்டுக்கு முதல்நாள், வீடு நிறைய லண்டன், பாரிஸ். எட்டரைக்கு நான் கைக்கு மருதாணி வைத்தபடி இருந்தேன். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, ஆனால் எத்தனை மணி என்று தெரிந்தது. இனி நாளையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பின் சீற்றில் ஏற்றினார்கள். சீற் எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது, எனக்குத்தானே அளவெடுத்தது. முழங்கால் இடிக்கவில்லை. தலைப்பின்னலில் வைத்த பூ காற்றில் பிய்ந்து லோறன்ஸ் வீதியில் பறந்தது. பின்னால் வந்த வானில் இருந்து அம்மா, மெதுவாய் ஓடு தம்பி என்று கத்தினார். தெருவில் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் கை காட்டினார். அப்போதுதான் நீங்கள் போட்ட அந்தப் படம் எடுத்தது.

தண்ணீர் வார்த்தார். தேங்காய் உடைத்தார், சரி பாதியாக உடைந்தது, நல்ல சகுனம் என்று எல்லோரும் சொன்னார்கள். தலையில் பால் அறுகு வைக்கும்போது குனிந்து என்னுடைய காதில் சொன்னார்:

"அடுத்த முறை மச்சாளுக்கு. நீதான் பக்கத்திலை நிக்கவேணும்."

நான் தலையாட்டினேன். வீடியோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை பின்னேரம், கடைசி விருந்தாளியை எயார்போட்டில் விட்டுவிட்டு வந்து, அப்பா மாமாவைக் கூப்பிட்டு இருத்தினார். கொழும்பிலிருந்து செய்தி ஒன்று வந்திருக்கிறது என்றார். எப்போது வந்தது என்று சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போனார். ஐந்து நாள் மேலே வரவில்லை. அம்மா சாப்பாட்டைக் கொண்டுபோய் வைப்பார், அப்படியே எடுத்து வருவார். துடக்கு இன்றைக்கிருந்து முப்பத்தொரு நாள் என்று அப்பா நாட்காட்டியில் அடையாளம் வைத்தார்.

சனிக்கிழமை எட்டரைக்கு மாமா போன் எடுத்தார். அப்பா அந்த நம்பரை ஒரு புதுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். முதல் அடியிலேயே மாமி எடுத்தார். மாமா பேசவில்லை, கேட்டார். மாமியின் குரல் எனக்குக் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அழுகை மாதிரி இல்லை. எதையோ எண்ணிச் சொல்கிற மாதிரி இருந்தது.

மாமா றிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"இது ஐஞ்சாவது சனியாம். நாலு சனி வந்து நிண்டவளாம்." அவர் அப்பாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முதல் சனிக்கு முன்னமே இஞ்சை எடுத்துச் சொன்னதாம். பிள்ளையிட்டைச் சொன்னதாம். பிள்ளை, உன்னட்டை ஆரும் சொன்னவையே?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பார் என்று நான் காத்திருந்தேன். நெடுநேரம் காத்திருந்த மாதிரி இருக்கிறது, ஆனால் கொழும்புக்கு எடுத்த கோலில் அவ்வளவு நேரம் யாரும் பேசாமல் நிற்க மாட்டார்கள். அம்மா குசினி வாசலில் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அம்மா மாமாவின் சொந்த அக்கா. அவரும் சொல்லவில்லை.

"நான் மறந்து போனன் மாமா," என்றேன். "சாமத்தியவீட்டுப் பிராக்கிலை மறந்து போனன். திங்கட்கிழமைதான் ஞாபகம் வந்து அப்பாட்டைச் சொன்னனான்."

அவ்வளவு ஒழுங்காக அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் நன்றி இருந்தது. ஒரு பிள்ளை தன் தகப்பனின் முகத்தில் அதைப் பார்க்கக்கூடாது.

மாமா என்னை ஏசவில்லை. றிசீவரைக் காதில் வைத்து, "சின்னப்பிள்ளை, மறந்து போச்சுதாம்," என்று மாமியிடம் சொன்னார். பிறகு இலேசாக என்னுடைய தலையில் கை வைத்தார்.

அதற்குப் பிறகு யாராவது இந்தக் கதையை எடுத்து, அந்தப் பெட்டை அப்படிச் செய்தது என்று தொடங்கினால், அவளுக்குப் பன்னிரண்டு வயது, அவளை ஒன்றும் சொல்லாதேங்கோ என்று மாமா எனக்காகச் சண்டை பிடிப்பார். செத்துப்போகும் வரைக்கும் பிடித்தார். அப்பா அதையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். காரை மாமா முதல் பனி விழுவதற்கு முன் யாரோ வெளியூர்க்காரருக்கு விற்றார். உப்பில் விட்டால் பழுதாய்ப் போகும் என்று மட்டும் சொன்னார்.

மாமி மூன்று வருடம் கழித்து வந்தார். எயார்போட்டுக்கு எல்லோரும் போனோம். எனக்குப் பதினைந்து வயது, அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனேன். வானில் போகும்போது வசனத்தைக்கூடப் பாடமாக்கினேன். நான் மறக்கவில்லை மாமி, அப்பா சொல்ல வேண்டாம் என்றவர். இரண்டே வசனம்.

மாமி ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். மாமாவின் கையைப் பிடித்தார். அம்மாவைக் கட்டிப் பிடித்தார், அம்மா ஓவென்று அழுதார். அப்பாவுக்குத் தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்தார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். மகள் இருந்திருந்தால் எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது.

"பிள்ளை, நீ உண்மையாய் மறந்துதான் போனனியோ?"

அப்பா மாமியின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நின்றார்.

"ஓம் மாமி," என்றேன்.

மாமி என்னுடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"என்ரை பிள்ளையும் இப்பிடித்தான்," என்றார். "எதைச் சொன்னாலும் மறந்துபோவாள்."